வெர்லின் கேட்ட தளர்வான கன்வெர்ட்டர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, போனில் வந்தது. ராக்கி மலையடிவாரத்துப் புவெப்லோ ஊர் ஓரத்தில் டார்க் கன்வெர்ட்டர் செய்து விற்கும் சின்னப் பட்டறை ஒன்றில் போன் எடுப்பவன் நான். பகலெல்லாம் ஒரே கேள்விகளைக் கேட்கிறேன். வண்டி என்ன எடை, டயர் என்ன அளவு, பின்னால் எதை இழுப்பீர்கள். வீட்டுக்கு வந்து தமிழில் எழுதுகிறேன், எழுத முடிகிற நாட்களில். முடியாத நாட்கள்தான் அதிகம். உடம்பில் தெம்பே இருப்பதில்லை.

கன்வெர்ட்டர் என்றால் என்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். கிளட்ச் மிதி இல்லாத வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இரும்பு உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். உள்ளே எண்ணெய். எஞ்சின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் கியர் பெட்டியைச் சுழற்றும். பிடி தளர்வாக இருந்தால் எஞ்சின் முதலில் நன்றாக உறுமிவிட்டு, அப்புறம் வண்டி பாயும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் வாயைப் பிளப்பான். ஆனால் அதே வண்டியில் பெரிய பாரத்தை இழுத்துக்கொண்டு மலை ஏறினால் எண்ணெய் கொதித்துக் கியர் பெட்டி கருகிவிடும். பிடி இறுக்கமாக இருந்தால் சிக்னலில் எருமை மாதிரி கிளம்பும், மலையில் காப்பாற்றும்.*

* நடுத்தரமாக ஒன்று கிடையாதா என்கிறீர்கள். இருக்கிறது. வாங்கியவர்கள் சிக்னலிலும் எங்களைத் திட்டுகிறார்கள், மலையிலும் திட்டுகிறார்கள்.

2

முதல் வரி, முதல் முயற்சி: "ராக்கி மலைகளின் பின்னே சூரியன் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தபோது வெர்லின் ஸ்ட்ராட் தன் பழைய டிரக்கின்—"

சூரியன் எங்கே சாய்ந்தது? அவர் கூப்பிட்டது காலை காபி நேரத்தில். [வெர்லின் என்பதும் நான் வைத்த பெயர். உண்மைப் பெயர் இதைவிடப் பொருத்தமாக இருந்தது. என்ன செய்ய.]

இரண்டாம் முயற்சி: "மனிதன் தன் ஆசைகளை எடை போடத் தொடங்கும்போது—"

தூ. வேண்டாம், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

"இருக்கறதுலயே தளர்வா ஒண்ணு குடுப்பா," என்றார் வெர்லின். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், குரலிலேயே தெரியும், எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"வண்டி எங்க ஓடும் சார்? ஊருக்குள்ளயா?"

"கடைக்குப் போவேன். காபி குடிக்கப் போவேன். சிக்னல்ல அந்தப் பல் டாக்டர் மகன் பக்கத்துல வந்து நின்னு உறுமுவான். அவன் மூஞ்சி ஒருநாள் செத்துப்போறதப் பாக்கணும்."

"பின்னால என்ன இழுப்பீங்க?"

"ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஒண்ணும் இல்லையா? அப்ப என் மூணு குதிரையும் என்ன, நடந்தா வருது?"

"தளர்வானதே போடு," என்று குசுகுசுத்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

3

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எதை இழுப்பீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் பொய் சொல்வார்கள், ஆனால் கூட்டித்தான் சொல்வார்கள். கோடையில் இரண்டு தடவை ஏரிக்குப் படகு இழுத்துப் போகிறவன், வாராவாரம் வீட்டையே இழுக்கிற மாதிரி பேசுவான். குறைத்துச் சொன்ன ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. மூன்று குதிரையை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்கிறாரே இந்த மனிதர், ஏன்?

பட்டறையில் வெல்டிங் செய்யும் லூப்பேக்கு அந்தக் குதிரைக்காரியைத் தெரிந்திருந்தது. பெயர் ட்வைலா. மைதானத்தில் மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பந்தயத்தில், தன் பேத்தி வயசுப் பெண்களோடு போட்டி போடுகிறவள். பந்தயக் காலம் தொடங்கிவிட்டால் வாராவாரம் ஒரு ஊர். குதிரைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு கணவாய் ஏறி இறங்குவது வெர்லின்.

உடனே எழுதினேன்: "வெர்லின் களைத்துப்போயிருந்தார். அதை மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. டிரக்கே இனி இழுக்காது என்று ஆகிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை."

மத்தியானம் லூப்பேயிடம் வாசித்து, அவளுக்குப் புரிகிற மொழியில் சொன்னேன். அவள் பச்சை மிளகாய்க் குழம்பில் முங்கிய பர்கரை ஸ்பூனால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு உன்கிட்ட களைப்பா இருக்குன்னு சொன்னானா?"

"இல்ல."

"களைச்சது நீ. ஒரு வாரமா மூஞ்சி தொங்கிப்போய் திரியறே. உன் களைப்பத் தூக்கி அந்தக் கிழவன் தலையில கட்டாத." கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, "கதையில நான் இருக்கேனா?" என்றாள்.

"இப்பத்தான் வந்தே."

"அழகா எழுது."

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. உருப்படியாக ஒரு பத்தி எழுத எனக்கு ஒரு மாதம் ஆகிறது. எழுதுகிறவன் சோர்ந்திருந்தால் அவன் கதையில் குதிரைகூடக் கொட்டாவி விடும். அந்த வரிகளை அடித்துவிட்டேன். [மேலே இன்னும் தெரிகிறதே என்கிறீர்களா? சரியாக அடிக்கவும் தெம்பில்லை.]

4

மறுநாள் ட்வைலா கூப்பிட்டாள்.

"கண்ணு, நேத்து எங்க வீட்டு மனுஷன் ஒரு ஆர்டர் குடுத்துச்சில்ல? அத மாத்திடு. இறுக்கமானதப் போட்டு அனுப்பு. ரெண்டும் வெளியில பாக்க ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"இருக்கும்மா. ஆனா அவர் கேட்டது—"

"அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாம். தளர்வானதப் போட்டா கணவாய்ல பாதி வழியில புகையும், அது எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் போச்சுன்னா என் குதிரைக்கு வயசாயிடும். எனக்கும்தான். எனக்கு இன்னொரு வருஷம் கிடையாது, கண்ணு."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். ஒரே டிரக், இரண்டு ஆர்டர். லூப்பே இரண்டு கன்வெர்ட்டரையும் செய்து மேசை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

5

முடிவு, ஒன்று: தளர்வானது போகிறது. கணவாயில் வண்டி புகைந்து நிற்கிறது. சாலையோரம் நின்று கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேர் பேசுவதற்காக மூன்று குதிரைகளை ஜூலை வெயிலில் தகரப் பெட்டிக்குள் நிற்கவைக்க என்னால் ஆகாது. கருகின எண்ணெயின் நாற்றம் எனக்குத் தெரியும்.

முடிவு, இரண்டு: இறுக்கமானது போகிறது. சிக்னலில் பல் டாக்டர் மகன் சிரித்துக்கொண்டே முந்திப்போகிறான். வெர்லினுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. அவர் கண்களில்—

சீ, போதும்.

போனை எடுத்து அவர்கள் வீட்டுக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன், லூப்பேயும் கேட்கட்டும் என்று நானும் வைத்தேன்.

"ரெண்டு பேரும் இருக்கீங்களா? ஒரே டிரக்குக்கு ரெண்டு ஆர்டர் வந்திருக்கு. எத அனுப்ப?"

"அடப்பாவி," என்றாள் ட்வைலா. எனக்குத்தான்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு வெர்லின் சொன்னார். "என்னால முடியல, ட்வைலா. வாராவாரம் அந்தக் கணவாய். கண்ணாடியில உன் குதிரைங்களப் பாத்துக்கிட்டே ஏறி, பாத்துக்கிட்டே இறங்கி. வாழ்நாளெல்லாம் ரயில இழுத்தேன். அப்புறமும் இழுக்கறேன். முடியல."

லூப்பே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. [என் ஊகம் சரியாகிவிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.]

"இத முன்னப்பின்ன தெரியாத பட்டறைக்காரன் காதுபடச் சொல்லத் தெரிஞ்சுதில்ல? என்கிட்ட தனியா சொன்னா வாய் வெந்துருமா?"

"நீ பந்தயத்த விட்டுருவேன்னு பயந்தேன்."

"நான் எதுக்கு விடணும்? டிரெய்லர நானே ஓட்டுவேன். நீ ரயில் ஓட்டின காலமெல்லாம் யாரு ஓட்டினா? வேலைய விட்டு வந்து சோபாவுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே. பாக்கச் சகிக்கல. அதான் எனக்கு இப்பல்லாம் ரிவர்ஸ் எடுக்க வரலைன்னு பொய் சொல்லி சாவிய உன் கையில குடுத்தேன்."

லூப்பே சாணைக்கல்லை நிறுத்தினாள்.

"அப்ப நான் வராட்டியும் உனக்கு ஒண்ணுமில்ல," என்றார் வெர்லின்.

"அப்படி எப்ப சொன்னேன்?"

"இப்பத்தான் சொன்னே."

வெர்லின் என்னிடம், "அப்புறம் கூப்பிடறோம்ப்பா," என்றார். எஞ்சினுக்கு மேலே பேசிப் பழகிய குரல் மாதிரியே இல்லை அது.

6

அந்த மனிதருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி கணவாய் கிடையாது, கண்ணாடி கிடையாது. வீட்டில் கால் நீட்டி உட்காரலாம். எழுதுகிறவனாக நான் இந்த இடத்தில் நிம்மதி என்று ஒரு சொல்லைப் போட்டிருக்க வேண்டும். போட்டேன். வாசித்துப் பார்த்தேன். நெஞ்சு கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். வேறு சொல் வரவில்லை.

இரண்டு கன்வெர்ட்டரும் இன்னும் மேசை மேல்தான் இருக்கின்றன. இதோ போன் அடிக்கிறது. அவர்கள் வீட்டு எண். கூப்பிடுவது அவரா, அவளா என்று எடுத்தால்தான் தெரியும். எனக்கு எடுக்கத் திராணி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், கதையை இவ்வளவு தூரம் இழுத்து வந்ததே பெரிய பாடு. நீங்கள் எடுங்கள். எதைக் கேட்கிறார்களோ அதை லூப்பேயிடம் சொன்னால் போதும், அவள் கட்டி அனுப்பிவிடுவாள். ட்வைலா இறுக்கமானதைக் கேட்டால், சரியென்று ஆர்டரை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தளர்வானதைக் கேட்டாலும் அப்படியே. கணவாய்க்கான அந்த இறுக்கமானதைக் கேட்பது வெர்லினாக இருந்தால் மட்டும், தயவுசெய்து ஏன் என்று கேட்டுவிடாதீர்கள்.