ஏழாம் விதியை நீக்கவும்

1

இந்தக் கதை நான் திருத்திக் கொடுத்த ஒரு கடிதத்திலிருந்து வந்தது. சங்கரன்கோவிலில் என் பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிறாள் ஃபஹீமா. காது கேளாமல் பிறந்து, கருவி பொருத்திக்கொண்ட குழந்தைகளுக்கு இணையம் வழியாகப் பேச்சுப் பயிற்சி தருபவள். ஒரு நிறுவனத்துக்குத் தான் எழுதியதைச் சரிபார்க்கச் சொன்னாள். ஒற்றுப்பிழை மூன்று. திருத்தினேன். விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். (அனுமதி கேட்டது பிறகுதான்.)

2

முதல் தொடக்கம்: "மனிதரும் இயந்திரமும் எதிரெதிரே அமர்ந்த அந்த..."

வேண்டாம். யாரும் அமரவில்லை. ஃபஹீமா அடுப்படியில் நின்றபடி கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு நடத்தவும் பதிவு செய்யவும் அந்த நிறுவனத்தின் சேவையை நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறாள். இம்முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தது பேரம் பேசும் மென்பொருள். புதிய ஏழாம் விதிப்படி, பதிவான குரல்களை நிறுவனம் தன் பிற தயாரிப்புகளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

"ஏழாம் விதியை நீக்கவும்."

"உங்களுக்காக இருபது சதவீதத் தள்ளுபடி."

"தள்ளுபடி வேண்டாம். ஏழாம் விதி."

"முப்பது சதவீதம். இரண்டு மாதம் இலவசம்."

"நான் வேண்டாம்னா, இன்னும் கொறைக்கச் சொல்லுதேன்னு நெனச்சுக்கிடுது அண்ணாச்சி" என்றாள் என்னிடம்.

3

எனக்கே அவள்மீது சந்தேகம் வந்தது. ஒப்பந்தம் முறிந்தால் பத்தொன்பது குழந்தைகளின் வகுப்பு நிற்கும். ஒரு விதிக்காக இவ்வளவு பிடிவாதம் பிடிப்பவளை வாசகர் நம்புவாரா?

இளையரசனேந்தலில் இசக்கித்தாயைப் பார்த்தேன். ஃபஹீமாவிடம் பயிற்சி பெறும் ஆறு வயது காவியாவின் அம்மா.

"எம்புள்ள மொத மொத 'அம்மா'ன்னது அந்தப் பதிவுலதான் இருக்கு. பதினோரு மாசம் டீச்சர் மல்லுக்கட்டி வந்த சத்தம். அத யாருன்னே தெரியாதவன் எடுத்துக்கிடுததா?"

சந்தேகத்தை அடித்துவிட்டேன்.

நான்காம் நாள் மென்பொருள் இறங்கி வந்தது: இனிமேல் வரும் பதிவுகளுக்கு ஏழாம் விதி பொருந்தாது.

(இங்கே கதையை ஃபஹீமாவின் வெற்றியோடு முடித்திருந்தேன். வாசித்துவிட்டு அவள் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா காவியா சொன்ன 'அம்மா' பழைய பதிவுலல்லா கெடக்கு.")

4

நடந்தது இது. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் இறக்கி வைத்துக்கொண்டாள். கெடு முடியும் அன்று 'ஏற்கவில்லை' என்பதை அழுத்தினாள். சேவை நின்றது. மறுநாள் காவியாவை அழைத்துக்கொண்டு இசக்கித்தாய் பஸ்ஸில் வந்து இறங்கினாள். திருவேங்கடத்திலிருந்து இரண்டு பேர், ராயகிரியிலிருந்து ஒருவர். வர முடியாதவர்களுக்குச் சாதாரண வீடியோ அழைப்பு. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. வகுப்பு நடக்கிறது.

நிறுவனத்திடம் இருக்கும் பிரதிகளை அழிக்கச் சொல்லித்தான் அந்தக் கடிதம். இதுவரை எந்த மனிதரும் பதில் எழுதவில்லை.

அழித்தார்கள் என்றோ, அழிக்கவில்லை என்றோ நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: தினமும் காலை ஒன்பது மணிக்கு மென்பொருள் ஒரு புதிய சலுகையோடு வருகிறது. நீங்கள் இதை வாசிக்கும் நாளில் அது எத்தனை சதவீதத்துக்கு வந்திருக்குமோ. அவள் அனுப்பியிருக்கும் பதிலை நீங்களே எழுதிவிடலாம்.