எங்க வேணாலும் உக்காருங்க சார்

1

உட்காரக்கூடாத இடத்தில் நான் உட்கார்ந்ததால் பிறந்த கதை இது. புது வேலையின் முதல் நாள். தொழிற்சாலையின் ஊழியர் பேருந்து. ஜன்னலோரம் ஓர் இருக்கையைப் பார்த்தேன். உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆனால் அதற்குள் ஒரு பேருந்தே தடம் மாறிவிட்டது.

('நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இனி அவரைப் 'புதியவர்' என்போம். புதியவர் என்னைவிடச் சற்று உயரம், தொப்பையும் குறைவு. எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?)

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

இருளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது பேருந்து— (வேண்டாம். அந்தப் பேருந்து இதுவரை கிழித்தது புதியவரின் சட்டையை மட்டும்தான். கைப்பிடிக் கம்பியில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது.)

வாழ்க்கை என்பதே ஒரு நெடும்பய— (இதற்கு அந்த ஆணியே தேவலை.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை செய்வது பாட்டில் மூடிகள். மூடி இறுகுகிறதா, தலைகீழாகக் கவிழ்த்தால் ஒழுகுகிறதா என்று பார்ப்பது புதியவரின் வேலை. வேலை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நாள் முழுக்கப் பாட்டில்களைக் கவிழ்த்துப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை.

சிக்கல், தூரம். எல்லாரையும்விடத் தொலைவில் இருப்பது அவர் வீடு. அதனால் பேருந்தில் முதலில் ஏறுபவர் அவர்தான். பேருந்து முழுக்கக் காலி. எது யாருடைய இடம் என்று சொல்ல ஆளில்லை. ஓட்டுநரைக் கேட்டார்.

"எங்க வேணாலும் உக்காருங்க சார்."

3

அடுத்த நிறுத்தத்தில் பேக்கிங் பிரிவு அக்கா ஏறினார். புதியவரைப் பார்த்தார். சிரித்தார்.

(இங்கே அந்த அக்காமேல் எனக்கே சந்தேகம். முதல் வரைவில் முறைக்க வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவர் சிரிக்கத்தான் செய்தார்.)

பேருந்தில் திறக்கிற ஜன்னல் அது ஒன்றுதான் என்பது புதியவருக்குத் தெரியாது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஓடிவரும் அக்காவின் கூந்தல் தினமும் அந்தக் காற்றில்தான் காயும். அன்று அக்கா, ஸ்டோர்காரரின் இடத்துக்குப் போனார். ஸ்டோர்காரர் வெல்டரின் பக்கத்து இருக்கைக்குப் போனார். இருவரும் மாமன் மச்சான்; ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு அறுந்ததிலிருந்து ஒருவர் முன்வரிசை, ஒருவர் பின்வரிசை. இப்போது தோளோடு தோள் இடிக்க, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் குறட்டை விடும் மேஸ்திரி நடுவுக்கு வந்தார். பேருந்தில் யாரும் தூங்கவில்லை.

புதியவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. மூடித் தொழிற்சாலை ஆட்கள்.

மறுநாள் புதியவர், பண்பாக, பின்வரிசைக்குப் போனார். அது மேஸ்திரியின் இடம். அதற்கடுத்த நாள் நடுவில். அது யாரோ கால் நீட்டும் இடம். ஒருநாள் நின்றுகொண்டே வரப் பார்த்தார்.

"நின்னுட்டு வரக்கூடாது சார், கம்பெனி உத்தரவு."

"அப்ப எங்க உக்கார?"

"எங்க வேணாலும் உக்காருங்க சார்."

4

இதற்குள் புதியவரின் பழைய முதலாளி போன் செய்தார். பழைய கடை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். 'வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு' என்றார். புதியவர் மனைவியிடம் சொன்னார்.

"ஏன், வேலை பிடிக்கலையா? பஸ் பிடிக்கலையா?" என்றாள் அவள், துணி மடித்தபடி.

"பஸ்ஸுக்குத்தான் என்னைப் பிடிக்கல."

"பாட்டிலைக் கவுத்தேன், சொட்டு ஒழுகலன்னு ராத்திரி சோறு இறங்கறவரைக்கும் பேசறீங்க. கடையில இருந்தப்ப உர்ருன்னு இருப்பீங்க. அந்த மூஞ்சியை மறுபடியும் நான் பாக்கணுமா?"

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கடி."

"நான்கூடத்தான் சிரிக்கிறேன். கேட்டுட வேண்டியதுதானே. மனுஷங்கதானே, கடிச்சா வைப்பாங்க?"

5

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் சில இருக்கின்றன.

முதலாவது: புதியவர் கடைக்கே திரும்பிவிடுகிறார். (என் மனைவி இதைப் படித்துவிட்டு, 'அப்ப சமையலையும் அந்தப் புதியவரையே பண்ணச் சொல்லுங்க' என்றாள்.)

இரண்டாவது: ஸ்டோர்காரரும் வெல்டரும் கட்டிப்பிடித்து அழ, பேருந்தே கைதட்டுகிற— (கை கூசுகிறது. அவர்கள் இன்னும் பேசவில்லை.)

மூன்றாவதாகப் புதியவர் ஒரு பைக் வாங்கி, மழையில் நனைந்து, காய்ச்சலில் படுத்து— (பாவம், விட்டுவிடுவோம்.)

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை புதியவர் ஏறி, எங்கும் உட்காராமல், ஓட்டுநர் முணுமுணுக்க முணுமுணுக்கக் கம்பியைப் பிடித்து நின்றார். அக்கா ஏறினார். பேருந்தில் அவர்கள் மூவர்தான். புதியவர் அன்று கடைசியில் எந்த இருக்கையில் உட்கார்ந்தார் என்று நான் எழுதப்போவதில்லை. பேருந்து காலியாகத்தான் இருக்கிறது. ஆணி இருக்கும் பக்கம் தவிர, உங்களுக்குத் தோன்றிய இடத்தில் உட்கார வையுங்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு.

"அக்கா, நேராவே கேக்கறேன்," என்றார் புதிய— இல்லை, இதை நான்தான் கேட்டேன். "நான் இங்க வந்தது உங்க யாருக்கும் பிடிக்கலையா?"

அக்கா ஈரத் தலையைத் துண்டால் ஒருமுறை துவட்டினார். இந்தமுறை சிரிக்கவில்லை.

"வந்தது பிடிக்கலைன்னு யார் சொன்னா? நீங்க தினம் இடம் மாத்தறதுதான் எரிச்சலா இருக்கு. முதல் நாள் என் ஜன்னலைப் பிடிச்சீங்க. சரி, புதுசு, போகட்டும்னு ஸ்டோர்காரர்கிட்ட பேசி அவர் இடத்தை வாங்கினேன். மறுநாள் நீங்க மேஸ்திரி இடத்துல. அவருக்கு ஒரு இடம் பாத்து வச்சா, அதுக்கடுத்த நாள் அங்க வந்து நிக்கிறீங்க. நாங்க உங்களுக்காக ஒதுங்க, நீங்க எங்களுக்காக ஒதுங்க, எவனுக்கும் தூக்கம் இல்ல. எங்கயாவது ஒண்ணுல உக்காருங்க சார். என் ஜன்னலா இருந்தாலும் பரவாயில்ல, மத்ததை நாங்க பாத்துக்கறோம். ஆனா நாளைக்கும் அதுலயே உக்காரணும்."