பூச்சுக்கு மேல் பதினேழு

விடிந்தும் விடியாத ஆறு மணிக்கே பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பட்டறையில் கம்பி பிரஷ் சத்தம் தொடங்கிவிட்டது. பற்றவைத்த இரும்பின் மேல் படிந்த கசடைத் தேய்த்துத் தேய்த்து தீபாவுக்குத் தோள் மரத்துப் போயிருந்தது. மூக்குக்குள், பல்லிடுக்கில், தாலிக்கயிற்றின் முறுக்கில்கூட இரும்புத் தூள். தேய்த்து முடித்த சட்டத்துக்கு அவள் முதல் சிவப்புப் பூச்சு அடிப்பாள். பக்கத்தில் கிளியம்மாள் இரண்டாவது பூச்சு.

ஆளுயரச் சட்டங்கள் அவை. ஒன்றோடொன்று கோத்தால் பாலம். அருணாச்சலத்தில், சீன எல்லையோரம், கோவேறு கழுதையும் இறங்கத் தயங்குகிற ஓர் ஆற்றின் மேல் நிற்கப்போகிற பாலம். அந்த மலை யாருடையது என்று இரண்டு நாடுகளும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

தீபாவின் புருஷன் தீனா இதே பட்டறையில் வெல்டர். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. வேலை முடிந்ததும் எஃகு அச்சைச் சட்டத்தின் மூலையில் வைத்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. 'இது என் கைவேலை, இதற்கு நான் பொறுப்பு' என்று அர்த்தம். தீனாவின் எண் பதினேழு. எண் விழுந்த பிறகுதான் பூச்சு. பூசிக்கொண்டே வரும்போது அந்தப் பதினேழு தீபாவின் பிரஷ்ஷில் லேசாக இடறும். கல்யாணமாகி மூன்று வருஷமான பிறகும் அந்த இடறலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மலையில் பனி விழுவதற்குள் நாற்பது சட்டங்களும் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி சம்பந்தம் கெடு வைத்ததிலிருந்து அந்தச் சிரிப்பும் போயிற்று. எட்டு மணி நேர வேலை பதினான்கானது. வெல்டிங் குச்சிகளைச் சூடாக்கும் அடுப்பு பழுதாகி மூன்று வாரமாகியும் யாரும் தொடவில்லை. ஈரக் குச்சியில் பற்றவைத்தால் இணைப்பின் உள்ளே பொத்தல் விழும். ஆறியதும் மயிரிழையாய் வெடிக்கும்.

"சார், குச்சி நமுத்துப் போய்க் கீது," என்றான் தீனா.

"அங்க சைனாக்காரன் ரோடு போட்டு முடிச்சிட்டு டீ குடிச்சிகினு கீறான். நீ இன்னாடான்னா நமுத்துப் போச்சுன்ற. இது இன்னா அப்பளமா?"

"அப்பளம் உடைஞ்சா வாயில உடையும் சார். இது ஆத்துக்கு மேல உடையும்."

யாரோ சிரித்தார்கள். சம்பந்தம் சிரிக்கவில்லை. "மிலிட்டரி வேலைப்பா இது. இதுல எதிர்க்கேள்வி கேட்டா அதுக்குப் பேரே வேற."

வெடித்த இடங்களில் பட்டிப் பசை வைத்து மூடச் சொன்னார். தீபா வைத்தாள். விரலால் அழுத்தி அழுத்தி மூடிய இடமெல்லாம் அவள் நினைவில் நின்றது.

முப்பத்தொன்றாவது சட்டத்தை முதலாளி அழைத்துவந்த வெளியாள் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஒட்டிவிட்டுப் போனான். அதில் தன் எண்ணை அடிக்கத் தீனா மறுத்துவிட்டான். எண்ணில்லாமலே அது தீபாவிடம் வந்தது. பிரஷ் எதிலும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை காலை எடைச் சோதனை. நான்கு சட்டங்களைக் கோத்து, மேலே கான்கிரீட் கட்டைகளை அடுக்கினார்கள். எவ்வளவு வளைகிறது என்று அடியில் போய் அளக்கத் தீனாவைக் கூப்பிட்டார் சம்பந்தம்.

"முப்பத்தொண்ணைக் கழட்டுங்க, போறேன்."

"நீ போகலைன்னா ஷாகுலை அனுப்பறேன்."

ஷாகுல் பாய் பட்டறையின் மூத்த வெல்டர். ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பவர். தீனா அவரை ஒரு பார்வை பார்த்தான். குனிந்து உள்ளே போனான்.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். முப்பத்தொன்றாவது சட்டம் மூலையிலிருந்து துணி மாதிரி கிழிந்தது. கட்டைகள் சரிந்தன. தீபா கையிலிருந்த டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். இரும்புக்கு அடியில் தீனாவின் வலது கை முழங்கை வரை நசுங்கிக் கிடந்தது. அவன் கத்தவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஜாக்கி வைத்துத் தூக்கக் கால் மணி நேரமானது. அதுவரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவிழ்ந்த பூச்சும் ரத்தமும் ஓடி வந்து அவள் புடவையில் ஒன்றாகச் சேர்ந்தன.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அந்தக் கையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் முதலில் கையைக் கேட்கவில்லை.

"தீபா, அதுல நான் நம்பர் அடிக்கல."

"தெரியும் மாமா. நான்தானே பூச்சு அடிச்சேன்."

புதன்கிழமை காலை, முகம்கூடக் கழுவாமல் அவள் பட்டறைக்கு வந்தபோது ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் நின்றிருந்தார்கள். நடுவில் கிழிந்த சட்டம். சரக்கைச் சோதிக்கும் டில்லி இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வருகிறாராம்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க," என்றார் சம்பந்தம். "பதினேழு. தீனா வச்ச வெல்டு. எல்லைக்குப் போற பாலத்துல ஒருத்தன் வேணும்னே கோளாறு பண்ணா அதுக்குப் பேரு இன்னா? துரோகம். போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

கை போன மனிதனுக்கு ஜெயில். தீபா சட்டத்தருகே உட்கார்ந்து, அந்த எண்ணை விரலால் தடவினாள். ஒன்று. ஏழு. கூர்மையாக விரலைக் கீறியது. நிமிர்ந்தாள்.

"சார், நம்பரை எப்ப அடிப்பாங்க?"

"வெல்டு வச்சதும். இதுகூடத் தெரியாதா?"

"அப்ப பூச்சுக்கு முன்னாலதானே?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது பூச்சைப் பேத்துகினு உள்ள போயிருக்கு. சுத்தி செதில் செதிலா உதிருது பாருங்க. உள்ள இரும்பு வெள்ளையா மினுக்குது. என் புருஷன் கை ஆஸ்பத்திரிக் குப்பையில கிடக்குது. இதை அடிச்சது யார் கை சார்?"

ஆட்கள் ஓரடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார்கள். சம்பந்தத்தின் கழுத்து வேர்த்தது.

"கிளியம்மா, டப்பாவை எடு. இதுக்கு ரெண்டு கோட்டு அடி. சீக்கிரம்."

கிளியம்மாள் டப்பாவை எடுத்தாள். மெல்ல நடந்து வந்தாள். முதலாளியின் செருப்புக்கு முன்னால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"தீந்துபோச்சு சார்."

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். அரை மணிக்குள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. இறங்கிய எட்டுப் பேர் கையிலும் இரும்புத் தடி. அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெட்டிப் போட வந்தவர்கள்.

"சவுரி, கேட்டைத் திற," என்று கத்தினார் சம்பந்தம்.

காவலாளி சவுரிமுத்து பட்டாளத்தில் பாலம் போட்டவர். ஓய்வு பெற்றுக் காக்கி மாறாமல் இங்கே நிற்பவர். பூட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"சீட்டு இல்லாம சரக்கு வெளிய போகக்கூடாது சார். நீங்க போட்ட ரூல்."

லாரியில் வந்தவர்கள் சுவரேறிக் குதித்தார்கள். முதல் அடி சவுரிமுத்துவின் தலையில். ஷாகுல் பாயின் நல்ல கால் முட்டியில் ஒன்று. தீபா சட்டத்தின் மேல் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டாள். அவள் இடது தோளில் இறங்கிய அடியில் எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. கண் இருட்டியது. பிடியை விடவில்லை. கிளியம்மாள் அவள் மேல் விழுந்தாள். அதைப் பார்த்த ஆட்கள் சுத்தியலோடும் கம்பியோடும் பாய்ந்தார்கள். ஒரு தடியனின் தாடை பிளந்தது. இன்னொருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மிச்சப் பேர் சுவரோரம் பின்வாங்கினார்கள்.

"கொன்னுடுங்கடா," என்று ஒருவன் சுத்தியலை ஓங்கினான்.

"போடுடா கீழ," என்று தரையில் கிடந்தபடியே அதட்டினார் ஷாகுல் பாய். "இன்ஸ்பெக்டர் வர்றப்ப நம்ம கையில சுத்தியல் இருந்தா மொதலாளிக்கு அதுவே போதும். பிரஷ்ஷை எடுங்க."

யாருக்கும் புரியவில்லை. தீபாவுக்குப் புரிந்தது.

"மத்த சட்டத்துலயும் வெடிப்பு கீது," என்றாள். "பட்டி வச்சு மூடினது நான்தான். எங்கெங்கன்னு காட்டறேன்."

"உன் மேலயும் கேஸ் வரும்மா."

"வரட்டும் பாய்."

நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சவுரிமுத்து சொன்னார்: "அந்த ஆத்தை நான் பாத்திருக்கேன். புள்ளத்தாச்சியை முதுகுல கட்டிகினு கயித்துல தாண்டுவாங்க. பாலம் அவங்களுக்கு வேணும்தான். வெடிச்ச பாலம் வேணாம்."

கம்பி பிரஷ்கள் எழுந்தன. பத்து, இருபது, நாற்பது. பிரஷ் கிடைக்காதவர்கள் தகரத் துண்டால் சுரண்டினார்கள். தீபா இடது கையைப் புடவைத் தலைப்பால் மார்போடு கட்டிக்கொண்டு, இடம் இடமாகக் காட்டியபடி தானும் தேய்த்தாள். பட்டி உதிர்ந்த இடத்திலெல்லாம் கறுப்பாய் ஒரு கோடு வாய் திறந்தது. அடிக்க வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜி.எஸ்.டி. ரோடு பக்கமிருந்து போலீஸ் ஜீப்பின் ஊளை கேட்டது. அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கார். யாரைப் பிடித்துக்கொண்டு போவார்களோ, யார் சொல்லை நம்புவார்களோ, தெரியாது. ஒருவரும் எழவில்லை.

பன்னிரண்டாவது சட்டத்தின் மூலையில் தீபாவின் பிரஷ் லேசாக இடறியது. பூச்சுக்கு அடியிலிருந்து மழுங்கலாக, அமைதியாக எழுந்து வந்தது ஒரு பதினேழு. அதைச் சுற்றி ஒரு வெடிப்பும் இல்லை.

சிவப்புத் தூள் பறந்து எல்லோர் தலையிலும் படிந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்றாவது சட்டத்தின் பூச்சை மட்டும் ஒருவரும் தொடவில்லை.