துல்ஹஜ் பிறை நாலு

தப்ரேஸின் சட்டைப் பையில் இருந்த சீட்டில் ஐந்து சாமான்கள் இருந்தன. எழுதிக் கொடுத்தவர் டாக்டர் வினோலியா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டவர். இரண்டு வருடமாகத் தப்ரேஸுக்கும் அதுதான் வேலை, அதுதான் வீடு. படகு தூத்துக்குடியில் நங்கூரம் போட்டு நிற்கிறது. நாளை விடிந்ததும் மாலத்தீவுக்குக் கிளம்ப வேண்டும்.

ஆறாவது வேலை ஒன்று உண்டு. அது சீட்டில் இல்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது தரை லேசாக ஆடியது. கரைக்கு வந்தால் முதல் நாள் அப்படித்தான். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத பித்தளைப் பூட்டு இரண்டு வாங்கினான். நங்கூரக் கயிறு உரசி அறுந்து போகாமல் சுற்றித் தைக்க எருமைத் தோல் வாங்கினான். சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் பைக்குள் போயின. கடைசியில் கொய்யா.

கூடைக்காரி சின்னக்கண்ணு அவன் பொறுக்குவதையே பார்த்தாள். "ஏப்பு, ஆயக்குடிக் கொய்யா பழமா இம்புட்டுக் கெடக்கு. நீ கல்லு மாதிரி காயாப் பாத்து எடுக்குறியே, ஆருக்கு? எதிரிக்கா?"

"படகுலக்கா. கடல்ல போகப் போக ஒண்ணொண்ணாப் பழுக்கணும்."

"கடல்லயா குடியிருக்க? பொண்ணு குடுக்க மாட்டாகளே!"

சிரித்தான். சிரிப்பு நாகல் நகர் ஆட்டோவில் ஏறும்வரைகூட நிற்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் அதே படகிலிருந்து கடலில் விழுந்தான் ரோஷன். தப்ரேஸோடு வேலை பார்த்தவன், அவனைவிட நாலு வயது மூத்தவன். 'விழுந்தான், தேடினேன், பார்க்கவே இல்லை' என்று தப்ரேஸ் எல்லோரிடமும் சொன்னான். டாக்டரிடம், போலீஸிடம், ரோஷனின் தகப்பனார் கிதர் முகம்மதுவிடம்.

அது பொய். அவன் பார்த்திருந்தான்.

மூன்று நாளைக்கு முன் ரோஷனின் மனைவி ஷாஹினா போன் செய்தாள். "தம்பி, அவரு மௌத்துன்னா நான் இத்தா இருக்கணும். உசுரோட இருந்தா காத்துக்கிட்டு இருக்கணும். நான் இதுல எதுல இருக்கேன்? பார்த்தவுக யாராச்சும் வந்து சொன்னாத்தான் ஆச்சுன்னு ஜமாஅத்துல சொல்லிட்டாக."

புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல் துக்கம் காப்பதுதான் இத்தா. அவளுக்கு அந்தத் துக்கத்தைத் தொடங்கக்கூட வழியில்லை. காணாமல் போனான் என்பது செத்தான் என்பதைவிடக் கொஞ்சம் இரக்கமான சொல் என்று தப்ரேஸ் நினைத்திருந்தான். போனை வைத்த பிறகுதான் அது எப்படிப்பட்ட இரக்கம் என்று உறைத்தது.

ரோஷன் வீட்டுக் கதவைத் திறந்தவர் கிதர் முகம்மது. "வாப்பா, வா! ஷாஹினா, டீயப் போடும்மா." உட்காருவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார். "லட்சத்தீவுப் பக்கம் ஏதாச்சும் மீன்பிடிப் படகு தூக்கியிருக்கும்ல? தலையில அடிபட்டு ஊரு பேரு மறந்திருக்கும். செத்தவனுக்கு ஓதுற மாதிரி பாத்திஹா ஓதணும்னு நேத்துக்கூட ஒருத்தன் வந்தான். செருப்பால அடிப்பேன்னேன்."

ஷாஹினா டீயை வைத்தாள். பச்சைச் சேலை, கை நிறையக் கண்ணாடி வளையல். "மாமு, செத்த சும்மா இருங்க. தம்பி, பார்த்தீகளா, பார்க்கலையா?"

தப்ரேஸ் டீக் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"பார்த்தேன் மதினி."

கிதர் முகம்மதுவின் பிடி இறுகியது.

"விடியக்காலம். கொந்தளிப்பு. பாயை இறக்க முன்னால போனாரு. பாய்க்கட்டை சுத்தி வந்து நெத்தியில அடிச்சிருச்சு. டாக்டரம்மா கீழ காய்ச்சல்ல கெடந்தாக. கத்துனேன், காத்துல கேக்கல. படகைத் திருப்பிப் போயி கொக்கிக் கம்பால சட்டையப் பிடிச்சு இழுத்தேன். நெஞ்சுல கை வச்சேன். துடிப்பில்ல. தூக்கித் தூக்கிப் பார்த்தேன், ஒத்த ஆளா முடியல. அரை மணி நேரம் கையிலயே பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்பொறம்…"

"அப்பொறம்?" என்றார் கிழவர்.

"விட்டுட்டேன் மாமு."

"என் மவன் மையத்த, அவன் உடம்ப, கடல்லயே விட்டுட்டியா?"

"கை மரத்துப் போச்சு. அதை எப்படி உங்ககிட்டச் சொல்லுவேன்? அதான் பார்க்கலைன்னுட்டேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அடிப்பார் என்று தப்ரேஸ் எதிர்பார்த்தான். அடித்திருக்கலாம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஷாஹினா கேட்டாள். "விடும்போது ஏதாச்சும் ஓதுனீகளா?"

"யாசீன் தெரியல மதினி. அல்ஹம்து சூறா ஓதுனேன். அவரு கண்ண மூடிவிட்டு, கைய விட்டேன்."

"என்னைக்கு?"

"துல்ஹஜ் பிறை நாலு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆறு நாளைக்கு முன்ன."

அவள் விரல் கணுக்களில் மாதங்களை எண்ணினாள். முஹர்ரம், ஸஃபர், அடுத்து இரண்டு ரபீஉல். கட்டைவிரல் ஒரு கணுவில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதே இடத்தில்தான் நின்றது.

"மௌத்தான நாள்ல இருந்துதானே கணக்கு? அப்படின்னா என் இத்தா முடிஞ்சு மூணு மாசமாகப் போகுது." குரல் ஏறவில்லை. "அந்தப் பெருநாளைக்கு மருதாணி வச்சேன் தம்பி. வந்தா பார்ப்பாருன்னு ரெண்டு கையிலயும் வச்சேன். கல்யாண வீடெல்லாம் போனேன். நான் அவருக்கு ஒரு நாள்கூட இத்தா இருக்கல."

வெளியே எவனோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கிதர் முகம்மதுதான் எழுந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அது கோணலாக உட்கார்ந்தது. "எந்திரிடா. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட வந்து சொல்லு. பிடிச்சதையும் சொல்லு, விட்டதையும் சொல்லு."

தப்ரேஸ் டாக்டருக்குப் போன் செய்து இன்று வர முடியாது என்றான். ஏன் என்று அவர் கேட்டார். "உங்ககிட்டயும் ஒரு பொய் சொல்லியிருக்கேம்மா. வந்து சொல்றேன்."

ஷாஹினா உள்ளே போய் வந்தாள். வளையல் இல்லாத கைகள். தலையில் வெள்ளைத் துப்பட்டி.

"நீ எங்கம்மா? இந்தச் சேதி கேட்ட பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது" என்றார் மாமனார்.

"அந்த நாளெல்லாம் போயிருச்சு மாமு. எனக்குத் தெரியாமயே போயிருச்சு." செருப்பை மாட்டினாள். "ஹஜ்ரத் வீட்டு வாசல்ல நிக்கிறேன். அவரு மௌத்துன்னு நாலு பேரு முன்னால சொல்றத என் காதால கேக்கணும்."

கிழவர் வழிமறித்து நின்றவர், மெல்ல ஒதுங்கினார். அவள் முதலில் படியிறங்கினாள்.