இருபத்தேழாம் எண் பியர்

ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ்கள் இருந்தன. ஒன்றில் குடும்பத்தின் சாப்பாடு. மற்றதில் மார்ச் மாதத்திலிருந்து பியர் தூங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மன்காரர்கள் முறைப்படி வசந்தத்தில் காய்ச்சி, குளிரில் ஆறு மாதம் கிடத்தி, இலை உதிரும் நேரத்தில் திறக்க வேண்டிய லாகர் வகை பியர். அதுவரை அந்தக் கதவை யாரும் தொடக்கூடாது என்று அவர் சட்டம் போட்டிருந்தார்.

"நம்ம புள்ள பொறந்தப்பகூட நீங்க இப்படிக் காவல் காக்கல," என்றாள் மனைவி. "பியர் போட்டியில முதல் பரிசு வந்தா அந்த ஃபிரிட்ஜ் உங்களுக்கு. இல்லன்னா என் தம்பி புது வீட்டுக்கு. அவன் வண்டிக்கே சொல்லிட்டான்."

போட்டி நகராட்சி மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. தலைமை நடுவர் ஒரு பல் டாக்டர். மூடிய பாட்டிலை முகர்ந்தே காய்ச்சியவரின் செருப்பு அளவைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அது பொய். அரை அளவு தப்பாகத்தான் சொல்வார். மற்ற இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், இன்னொருவர் நூலகர் அம்மா.

ஆளுக்கு மூன்று பாட்டில் கொடுக்க வேண்டும். ஒன்று முதல் சுற்றுக்கு, இரண்டு இறுதிச் சுற்றுக்கு. பாட்டிலில் பெயர் கிடையாது, எண் மட்டும். நடுவர்கள் ஒரு வாய் ருசித்து, தாளில் எழுதிவிட்டு, மிச்சத்தை வாளியில் கொட்டுவார்கள். இருபத்தாறு பியர்களில் வாளி கழுத்துவரை நிறைந்துவிட்டது.

இருபத்தேழாம் எண் வந்தது. அது மெக்கானிக்குடையது. பின்வரிசையில் அவர் எழுந்து நின்றார்.

டாக்டர் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். செம்பு நிறம். நுரை கலையாமல் நின்றது. "ரொட்டி மேலோடு வாசம்," என்றார்.

"கருகாத பக்கம்," என்றார் டிரைவர்.

நூலகர் அம்மாவின் கிளாஸ் அதற்குள் காலி.

"ஒரு வாயில தீர்ப்பு சொல்றது நியாயமில்ல," என்றார் டாக்டர். நியாயத்துக்காக இரண்டாவது வாய் குடித்தார்கள். கசப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்க்க மூன்றாவது. நியாயம் வளர்ந்துகொண்டே போய், மூன்று பாட்டிலும் தீர்ந்தது. வாளிக்கு ஒரு சொட்டு போகவில்லை.

இறுதிச் சுற்றுக்கு ஐந்து பியர்கள் தேர்வாயின. முதலில் படித்த எண் இருபத்தேழு. மேஜையில் வைக்கத்தான் பாட்டில் இல்லை. மேஜைக்கு வராத பியருக்குப் பரிசு கிடையாது. அந்த விதியை எழுதியவர் டாக்டர்.

"வீட்ல இன்னும் இருக்கு சார். ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்," என்றார் மெக்கானிக்.

நூலகர் அம்மா விதிகளைப் புரட்டினார். "வெளியிலிருந்து மேஜைக்கு எதுவும் வரக்கூடாதுன்னு இருக்கு." இன்னொரு பக்கம் புரட்டினார். "மேஜை வெளிய போகக்கூடாதுன்னு எங்கயும் இல்ல."

ஆகவே மேஜை போயிற்று. முன்னால் டிரைவர், பின்னால் டாக்டர். மற்ற நான்கு பியர்கள் ஐஸ் பெட்டியில் நூலகர் அம்மாவோடு. நாற்காலிகள் மெக்கானிக் தலைமேல். ஒவ்வொரு தெருமுனையிலும் டிரைவர் வாயால் ஹாரன் அடித்தார், பழக்கதோஷம்.

கதவைத் திறந்த மனைவி, "வண்டி வரும்னு பார்த்தா மேஜை வருது," என்று வழிவிட்டாள்.

மேஜை சமையலறையில், ஃபிரிட்ஜுக்கு எதிரே இறங்கியது. ஐந்து பியரையும் ஊற்றினார்கள். "என் அடுப்படியில நடக்குது. எனக்கும் இருபத்தேழு ஒரு கிளாஸ்," என்றாள் அவள். ஆறு மாதத்தில் முதல் முறையாக ருசித்தாள்.

டாக்டர் தீர்ப்பைப் படித்தார். "இருபத்தேழு, இரண்டாமிடம். கடைசியில ஒரு இழை இனிப்பு தங்குது."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி கிளாஸைக் கீழே வைத்தாள். "எங்க தங்குது?"

"நாக்குக்குப் பின்பக்கம், அம்மா."

"அது இனிப்பா? அது ரொட்டி ருசி, டாக்டர். இன்னொரு வாய் குடிச்சிட்டு என் முகத்தப் பார்த்துச் சொல்லுங்க."

டாக்டர் குடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் மதிப்பெண் தாளை வரிவரியாகக் குறுக்கு விசாரணை செய்து, அவள் அரை மதிப்பெண் பிடுங்கினாள். அப்படியும் இரண்டாமிடம்தான்.

அப்போது தம்பி இரண்டு ஆட்களோடும் கயிற்றோடும் உள்ளே வந்தான். "எந்த ஃபிரிட்ஜ், அக்கா?"

அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். "எதுவும் இல்ல. உங்க மாமாவுக்கு அநியாயம் நடந்திருக்குடா. அப்பீல் முடியறவரைக்கும் பொருளத் தொடக்கூடாது."

"அது எப்ப முடியும்?"

"அடுத்த வருஷம் அவர் மறுபடி காய்ச்சி, மறுபடி போட்டி நடந்து, பார்க்கணும்." ஒரு கிளாஸை அவன் பக்கம் தள்ளினாள். "கயித்தக் கீழ வச்சிட்டு இதக் குடிச்சுப் பாரு. இனிப்பு இருந்தா சொல்லு. யோசிச்சு சொல்லு."