அம்ஹாவுக்கு எத்தனை வயது

"நாலு வயசுப் புள்ள பாக்கிறதத் தாங்க காக்கா."

"என்ன நாலு? அவளுக்கு ஒம்பதாகுது. ஒம்பது வயசுக்காரி வாத்துக்குஞ்சு குளிக்கிறதப் பாத்துக்கிட்டு இரிப்பாளா?"

"ஒங்களுக்குத்தான் ஒம்பது."

"நீ சும்மா இரி புள்ள. காக்கா, அந்த ரோபோச் சண்டைக் காட்டூன் ரெண்டாம் பாகம் இரிக்கா?"

கல்முனைக்குடியில் நான் சீடி வாடகைக் கடை வைத்திருந்த காலம். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். 2009இல் யுத்தம் முடிந்து சில கிழமைகள்தான். புருசனும் பெண்சாதியும் கடை வாசலில் இப்படிச் சண்டை பிடிக்க, உள்ளே சீடி அடுக்கிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெத்தவங்களுக்கே புள்ளட வயசு தெரியாதா? ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க, நான் கேக்கிறன்" என்றபடி வெளியே வந்தேன்.

நான் மாவடிப்பள்ளியிலிருந்து வந்து கடை போட்டவன். அவர்கள் கதை எனக்குத் தெரியாது.

"அவளக் கடல் கொண்டு போயிட்டு காக்கா. நாலு வயசில. அம்ஹா எண்டு பேர்" என்றாள் அந்தப் பெண், முனவ்வறா.

"மையத்தக் கண்டியா நீ?" என்றார் புருசன் ஜெமீல்.

சுனாமியன்று மஞ்சள் கவுன் போட்ட ஒரு பிள்ளையை யாரோ லொறியில் ஏற்றிப் போனதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சை நம்பி ஜெமீல் ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் எல்லாம் தேடிவிட்டார். யுத்தத்தால் போக முடியாமலிருந்த வடக்கு மட்டும்தான் மிச்சம்.

பிள்ளை வந்தால் அவளோடு கதைக்க ஏதும் தெரிந்திருக்க வேண்டுமே என்றுதான் காட்டூன் பார்க்கத் தொடங்கினாராம். வருசா வருசம் அவளுடைய வயதுக்கு ஏற்றதாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். பிறகு அவருக்கே பிடித்துப்போனது. "அந்தக் குட்டி ரோபோ சரியான கள்ளன் காக்கா!" என்று, நரைத்த தாடியோடு என் கடையில் நின்று கண்ணில் தண்ணி வரச் சிரிப்பார்.

முனவ்வறாவுக்கு வாத்துக்குஞ்சுதான். மகள் கடைசியாகப் பார்த்தது அது. "புள்ளட பேர்ல குர்ஆன எடுத்து ஒரு கத்தம் ஓதி, நாலு பேருக்குச் சோறு குடுக்க உடுறாரில்ல. உசிரோட இரிக்கிற புள்ளைக்குக் கத்தமா எண்டு ஏசுறார்" என்று ஒருநாள் சொன்னாள்.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஜெமீல் போட்டோவோடு, வன்னிச் சனத்தை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்குப் போனார். பதினொரு நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். கடைப் பக்கம் வரவில்லை. முனவ்வறாதான் வந்தாள்.

"வாத்துக்குஞ்சா தங்கச்சி?"

"இல்ல காக்கா. ஒம்பது வயசுக்குரியதத் தாங்க."

நான் அவளையே பார்த்தேன்.

"கத்தம் ஓதுவமா எண்டு அவரே கேட்டுட்டார் காக்கா. கேட்ட நாள்ல இரிந்து சோறில்ல, கதையில்ல. செவரப் பாத்துக்கிட்டுக் கிடக்கார். எனக்குக் கத்தம் வேணாம். அவள் ஒம்பதாவே இரிக்கட்டும்."

கொடுத்தேன்.

அடுத்த கிழமை ஜெமீல் வந்தார். மெலிந்திருந்தார். "பத்து வயசுக்காரர் என்ன காக்கா பாக்கிறாங்க?" என்று கேட்டார். இல்லங்களில் இன்னொருக்காத் தேடப் போவதாகவும் சொன்னார். முனவ்வறா பின்னால் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையை மூடிப் பல வருசமாகிவிட்டது. அந்தக் கத்தம் இன்னும் ஓதப்படவில்லை. அன்று நான் அந்தச் சீடியை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமா? பிள்ளையைத் தேடி அலைந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து கீழே எனக்கு ஒரு பதில் எழுதுங்கள்.