ராஜரத்தினத்தின் ஆணிப்பலகை

மலாயாவின் சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம். நில அளவை ஆபிசில் படம் வரைந்து ஓய்வு பெற்ற ராஜரத்தினம், புது நாட்டுக்குப் பழைய வரலாறு ஒன்று வேண்டாமா என்று மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் தேடத் தொடங்கினார்.

முறை எளிது. பலகையில் வீட்டுக்கு ஓர் ஆணி. இரண்டு வீட்டில் ஒரே பூப்போட்ட பீங்கான் கிடைத்தால் இரண்டு ஆணிக்கும் நடுவே நூல்; அதாவது, பழைய வணிகம். கொல்லையில் கிண்டிய சில்லோ, அடுப்படியில் இருக்கும் முழுத்தட்டோ, கணக்கு ஒன்றுதான். நூல் கட்டியவன் நான், பக்கத்து வீட்டு ஜெயபாலன்.

நூல் அதிகம் சேர்ந்தது மீனாச்சியக்கா ஆணியில்.

“பழைய வணிகத்தின்ர நடுச்சந்தி உங்கட அடுப்படிக்குக் கீழதான் கிடக்கு. திங்கட்கிழமை கிண்டுறம்,” என்றார் ராஜரத்தினம் அக்காவிடம்.

நிலம் ஊர்ப் பொது. பெரியவர்களும் தலையாட்டிவிட்டார்கள். அந்த வாரம்தான் அக்கா மகள் விஜயாவுக்குக் கல்யாணம். சமையல் முழுக்க அந்த அடுப்படியில்.

அக்கா தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் செட்டி வீட்டுக்காரி, மலாயில்தான் பேசுவார். “துவான், அது அம்மா வாங்கின தட்டு. பலகாரம் வைத்து அனுப்புவோம். வெறுந்தட்டு திரும்பாது, எதையாவது வைத்து இன்னொரு தட்டு வரும். எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது.”

“அதைத்தானே நானும் சொல்லுறன். வணிகம்.”

வாசலில் அக்கா என்னைக் கேட்டார். “நூலே இல்லாத ஆணி எது?”

“ராஜரத்தினம் வீடுதான். வெளிப் பலகாரம் வாங்கமாட்டார்கள்.”

“கல்யாணப் பலகாரத்தை வேண்டாம் என்பார்களா?”

மாட்டார்கள். சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ராஜரத்தினம் வீட்டுக்குக் கல்யாணப் பலகாரத் தட்டு வந்தது. எல்லாம் அதே பூ. ராஜரத்தினம் முகம் வெளுத்தாலும் நியாயம் தவறவில்லை. “முறையெண்டால் முறை. கட்டும்.” விளக்கு வைப்பதற்குள் அவர் ஆணி நூலுக்குள் மறைந்துவிட்டது.

திங்களன்று அவர் தன் அடுப்படியையே கிண்டினார். சமைக்க இடமில்லை, வெறுந்தட்டை அனுப்பவும் மனமில்லை. அவர் மனைவி சிவகாமசுந்தரி, தட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு போய் மீனாச்சியக்கா அடுப்படியில் வடை சுட்டார். கல்யாணத்துக்கு ஒரு கை கூடியது.

மத்தியானம் சோறு கொண்டுவந்தவரிடம் குழிக்குள்ளிருந்து கேட்டார்: “தட்டுகள் இஞ்சதானே இருக்கு? அங்க போயிருந்தால் நூல் மாறும்.”

“எல்லாம் இஞ்சதான். நீங்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் கிண்டுங்கோ,” என்றார் சிவகாமசுந்தரி.

கல்யாணம் வியாழக்கிழமை.